மூன்றாவது கோர்ட் தண்ணீர்

நெடுங்கரை நீதிமன்ற வளாகத்தின் பேட்டரி கார், சார்ஜ் ஏற்றிக்கொள்ள வாய்தா கேட்கத் தொடங்கி அன்றோடு பதினொரு நாள் ஆகியிருந்தது.

டிரைவர் பிலவேந்திரன் காலையில் கொட்டகைக்கு வந்து பிளக்கைச் செருகுவான். சார்ஜர் பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு மறுபடியும் டக் என்று அடங்கிவிடும். வோல்ட் காட்ட வேண்டிய சிவப்பு எண்கள் ஒரு தேதியைக் காட்டும். முதல் தடவை மூன்று நாள் தள்ளிக் காட்டியது. அவனும் மூன்று நாள் பொறுத்திருந்து செருகினான். பத்து நிமிடம் ஏற்றிக்கொண்டுவிட்டு, அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் போனால் இன்னொரு பத்து நிமிடம். இப்போது அடுத்த மாதம் பதினாலாம் தேதியில் வந்து நிற்கிறது. தேதிக்கு முன்னால் எத்தனை முறை செருகினாலும் பதில் அதேதான். பிலவேந்திரன் அதை டைரியில் குறித்துக்கொண்டான். அந்த வளாகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

வண்டி பிறந்த இடம் வேறு. மலை மேல் ஒரு கிளப்பில், பந்தடிக்கிற கனவான்களைப் புல்வெளியில் சுமந்துகொண்டிருந்த கோல்ஃப் வண்டி அது. ஏலத்தில் கீழே இறங்கி வந்து, வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டு, 'முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்' என்று நெற்றியில் எழுதிக்கொண்டது. மட்டைப் பைகளைக் கட்டுகிற இரண்டு வார்கள் பின்னால் இன்னும் தொங்குகின்றன. வக்கீல்கள் அவற்றில் கேஸ் கட்டுகளைச் செருகி அனுப்பிவிட்டு, கைவீசிக்கொண்டு பின்னால் நடந்து வருவார்கள்.

வாசலிலிருந்து கோர்ட் கட்டடத்துக்கு முக்கால் கிலோமீட்டர். ஆட்டோவுக்கு உள்ளே அனுமதி இல்லை. சக்கர நாற்காலி ஒன்று இருந்தது. ஒரு கொலை வழக்கில் அது நான்காவது சான்றுப் பொருளாகிவிட்டதால், பதினாறு வருடமாகப் பூட்டிய அறையில் இருக்கிறது. ஆகவே பேட்டரி கார் படுத்துவிட்டால் முழங்கால் போனவர்கள் பாடு திண்டாட்டம்தான். அதிலும் பெரிய திண்டாட்டம் சௌந்திரவல்லிக்கு.

சௌந்திரவல்லி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. வளாகத்தில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், ட்யூட்டிக்குப் புடவை கட்டிக்கொண்டு அவர் வாசல் கதவைத் திறந்தபோது, பாதைக்குக் குறுக்கே எட்டடி உயரத்துக்குச் சுவர் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டி முடித்திருந்தார். யாரோ ஏணி கொடுத்தார்கள். ஏறிக் குதித்து ட்யூட்டிக்குப் போனவர், அதன் பிறகு அந்த வாசல் வழியாக வீட்டுக்குள் போகவே இல்லை. தெருப்பக்கம் ஏணியைச் சாய்த்து, மாடி ஜன்னல் வழியாக ஏறுவதும் இறங்குவதுமாகக் காலம் போய்விட்டது. முழங்கால் இரண்டும் ஏணிக்கே செலவாகிவிட்டன. கீழ் வீடு அப்படியே கிடக்கிறது.

வழக்குப் போட்டார். பிரதிவாதி காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அதிலிருந்து சுவரே வழக்கை நடத்துகிறது. வாய்தாதோறும் சுவர் சார்பில் ஒரு செங்கல் ஆஜராகும். வக்கீல் குமாஸ்தா அதை மஞ்சள் பையில் கொண்டுவந்து பெஞ்சில் வைப்பார். சும்மா சொல்லக்கூடாது, செங்கல் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாவது கோர்ட்டில் தீர்ப்பு.

"தம்பி, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நான் உள்ள இருக்கணும்" என்றார் சௌந்திரவல்லி. திங்கட்கிழமை காலை, வளாக வாசலில் இருக்கும் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஞானசிகாமணி மூணு தரம் கூப்பிடுவாரு. மூணுக்குள்ள ஆஜர் சொல்லலேன்னா தள்ளுபடி. அந்தச் செங்கல்லு சிரிச்சுக்கிட்டே போயிரும்."

ஞானசிகாமணி மூன்றாவது கோர்ட்டின் டவாலி. வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவது அவர் வேலை. அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். ஆனால் பதில் அவர் காதில் விழ வேண்டும். அதுதான் சிக்கல்.

"வண்டி பதினாலாம் தேதி சொல்லுதுக்கா" என்றான் பிலவேந்திரன்.

"பதினாலாம் தேதி எனக்கு எதுக்கு? ஏணியில ஏறி ஏறி அலுத்துப்போச்சு தம்பி. வாசல் வழியா ஒரே ஒரு தரம் என் வீட்டுக்குள்ள நடந்து போகணும். அது போதும்."

பிலவேந்திரனுக்கு அவரைப் பிடிக்கும். ஆறு வருடமாக அவரை ஏற்றி இறக்குகிறான். ஒவ்வொரு முறையும் திரும்பும்போது, எந்தத் தேதி கிடைத்தது என்று அவன் கேட்க, அவர் சொல்ல, அவனும் தன் டைரியில் குறித்துக்கொள்வான். அந்த டைரியில் அவன் வண்டியின் தேதியும் அவர் தேதியும் ஒரே பக்கத்தில் வந்திருந்தது அவனுக்குச் சங்கடமாக இருந்தது. உடனே எலக்ட்ரீஷியன் கோமதிநாயகத்துக்குப் போன் போட்டான்.

கோமதிநாயகம் மத்தியானம் வந்தார். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். பின்கள் நேராக இருந்தன. ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சரியாக இருந்தது. இருக்கையைத் தூக்கினார். கீழே ஆறு பேட்டரிகள், ஒவ்வொன்றும் எட்டு வோல்ட், இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. முனைகளில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினார். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதுவும் சாகவில்லை, எதுவும் உருப்படியாகவும் இல்லை. எல்லாம் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தன.

பிறகு நான்காவது பேட்டரியின் மூடியைத் திருகித் திறந்து, காதை அருகே கொண்டுபோனார். உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்து உடைந்துகொண்டிருந்தன. பிலவேந்திரனும் குனிந்து கேட்டான். சாட்சி வரவில்லை என்று ஒரு குமிழி சொன்னது. சீனியர் வெளியூர் போயிருக்கிறார் என்றது இன்னொன்று.

"தண்ணி எந்தத் தண்ணி ஊத்தினீங்க?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"ஏசி தண்ணிதான் அண்ணே. கடையில விக்கிற பேட்டரி தண்ணி தீர்ந்துபோச்சு. ஏசியில சொட்டுறதும் சுத்தமான தண்ணிதானேன்னு பக்கெட் வெச்சுப் பிடிச்சேன். எங்க வீட்டு இன்வெர்ட்டருக்கும் அதான்."

"எந்த ஏசி?"

"மூணாவது கோர்ட் ஏசி. அதுதான் நிறையச் சொட்டும்."

"சொட்டாம என்ன செய்யும்" என்றார் கோமதிநாயகம். "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த ரூம்ல பேசுறாங்க. பேசின மூச்சுதானே குளுந்து தண்ணியா வெளிய வருது. அந்த ரூம்ல வாய்தாவைத் தவிர வேற என்ன பேச்சு இருக்கு? பேட்டரிக்குத் தெரிஞ்சதை அது சொல்லுது."

பிலவேந்திரன் கையைப் பிசைந்தான். ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. ஆனால் எல்லோரும் வீட்டு ஏசியில் பிடிக்கிறார்கள். வீட்டில் பேசுவதற்கும் ஒரு மாதிரி விளைவு இருக்கத்தான் செய்யும். அவன் வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் முதலில் அரை மணி நேரம் முனகிவிட்டுத்தான் விளக்கைப் போடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடணும் அண்ணே. எக்ஸ்சேஞ்ச் அக்கா தீர்ப்பு."

கோமதிநாயகம் யோசித்தார். ஊற்றிய தண்ணீரை முழுக்க எடுக்க முடியாது, அமிலத்தோடு கலந்துவிட்டது. வேறு ஏசியின் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து பார்க்கலாம் என்றார்.

"குடும்ப நல கோர்ட்ல பிடிக்கட்டுமா? அதுவும் பக்கத்துலதான்."

"அது மட்டும் வேண்டாம். வக்கீல் சங்கத்து இன்வெர்ட்டருக்கு ஒரு தரம் ஊத்திட்டேன். இப்ப பேட்டரி ஒரு ரூம்ல இருக்கு, இன்வெர்ட்டர் ஒரு ரூம்ல இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் ஒண்ணைக் கொண்டுபோய் இன்னொண்ணுக்குக் காட்டணும்." அவர் கருவிப் பையை மூடினார். "மாஜிஸ்திரேட் கோர்ட் தண்ணி கொண்டுவாங்க. அங்கதான் காரியம் கையோட நடக்கும்."

செவ்வாய்க்கிழமை பிலவேந்திரன் மாஜிஸ்திரேட் கோர்ட் ஏசிக்கு அடியில் பக்கெட் வைத்தான். அன்றைக்கு நல்ல கூட்டம், சாயங்காலத்துக்குள் அரை பக்கெட் சேர்ந்துவிட்டது. கோமதிநாயகம் கடைசி இரண்டு பேட்டரிகளில் இருந்ததை உறிஞ்சிக் குறைத்துவிட்டு இதை ஊற்றினார். நாலு சிவில், இரண்டு கிரிமினல் என்று சொல்லிக்கொண்டே மூடிகளை இறுக்கினார். பிளக்கைச் செருகினார்கள். டக் என்றது. எண்கள் ஒரு சுற்று ஓடி, இரண்டில் நின்றன.

"ரெண்டு பேர் ஜாமீன் கேக்குது" என்றார் கோமதிநாயகம். "ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோட."

பிலவேந்திரன் ஒரு ஆள். இன்னொரு ஆளுக்கு அவன் வளாகம் முழுக்க அலைந்தான். வண்டிக்காக ஜாமீன் நிற்க யாரும் முன்வரவில்லை. அவரவருக்கு ஏற்கெனவே மைத்துனன், மாமன் மகன் என்று ஆள் இருந்தது. கடைசியில் சௌந்திரவல்லியே தன் பையைத் திறந்து வீட்டு வரி ரசீதை எடுத்தார். உள்ளே போக முடியாத வாசலுக்கும் சேர்த்து ஒரு வருடம்கூடத் தவறாமல் வரி கட்டியிருந்தார். இரண்டு பேரும் சார்ஜர் பெட்டியின் பக்கவாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். டக் என்றது. இந்த முறை இரைச்சல் நிற்கவில்லை. புதன்கிழமை காலையில் எண்கள் ஐம்பதில் இருந்தன.

"ஆனா இது நிபந்தனை ஜாமீன்" என்று ஒரே போடாகப் போட்டார் கோமதிநாயகம். "தினமும் காலையில பத்து மணிக்கு டவுன் ஸ்டேஷன்ல வண்டி கையெழுத்துப் போடணும். ஜாமீன்தாரர் ரெண்டு பேரும் கூடவே போகணும். ஒரு நாள் தவறினாலும் சார்ஜ் மொத்தமும் இறங்கிடும்."

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எனக்குத் தீர்ப்பு" என்றார் சௌந்திரவல்லி.

"ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர்தானேக்கா. போயிட்டு வந்துரலாம்" என்று கோமதிநாயகம் ஆறுதல் சொல்லிவிட்டு, வேறு ஒரு லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டார். அந்த லிஃப்ட் எந்த மாடிக்குப் போவது என்பதில் மேல்முறையீடு செய்திருந்தது.

வியாழக்கிழமை போனார்கள். ஸ்டேஷன் ரைட்டர் பெரிய லெட்ஜரைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். வண்டிக்குக் கையெழுத்துப் போட வராது என்பதால் ரேகை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பிலவேந்திரன் இடது முன்சக்கரத்தை மைத்தட்டின் மேல் ஏற்றி, பிறகு லெட்ஜரின் கட்டத்துக்குள் மெதுவாக உருட்டினான். கட்டம் சின்னது. ரேகை பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. அந்தக் கட்டத்துக்கு உரியவர் வரும் வரை காத்திருந்து, அவர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு கிளம்பினார்கள். வளாகத்துக்குத் திரும்பும்போது மணி பத்து ஐம்பது.

வாசலில் இறங்கும்போது சௌந்திரவல்லி, "அன்னிக்கு மாம்பழக் கலர் புடவை கட்டியிருந்தேன் தம்பி. கைப்பை தோள்ல. கதவைத் திறந்தா சுவரு" என்றார். நாளைக்கு எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன் என்று பிலவேந்திரன் சொன்னான். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

வழக்குக் கட்டை அன்று அவர் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார். மேல் தாளில் 'வாதி, சௌந்திரவல்லி, வயது நாற்பது' என்று இருந்ததைப் பிலவேந்திரன் பார்த்தான். வழக்குப் போட்ட நாளின் வயது அது. கட்டுக்குள் யாருக்கும் தானாக வயது ஏறுவதில்லை. திருத்த மனு போட்டால் ஏறும். அதற்கு நாலைந்து வாய்தா ஆகும் என்று அவர் போடவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். பத்து மணிக்கு லெட்ஜர் வந்தது. மைத்தட்டு காய்ந்துபோயிருந்தது. ரைட்டர் புதுத் தட்டு எடுக்கப் போனார், பீரோ சாவியைத் தேடினார், கிடைத்தது, வந்தார். இந்த முறை பிலவேந்திரன் சக்கரத்தை அரை இஞ்ச்கூட விலகாமல் கட்டத்துக்குள் நிறுத்தினான். ரைட்டர் பார்த்து, சுத்தமான கையெழுத்து என்று பாராட்டினார். மணி பத்து இருபத்தைந்து.

பிலவேந்திரன் வண்டியை அழுத்திப் பிடித்தான். அழுத்தினாலும் அது புல்வெளிக்காகச் செய்த வண்டி. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். பெரிய வாய்க்கால் பாலத்தின் நடுவில் வரும்போது மணி சரியாகப் பத்தரை. வண்டி நின்றது.

அவன் சாவியைத் திருப்பினான். அசையவில்லை. மீட்டரைப் பார்த்தான். சார்ஜ் இருந்தது. பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. பத்தரைக்கு நீதிபதி வந்து உட்காருவார். கோர்ட் கூடிவிட்டால் யாரும் குறுக்கே நடமாடக்கூடாது. நாலு பேட்டரியில் மூன்றாவது கோர்ட் இருந்தது.

"போச்சு" என்றார் சௌந்திரவல்லி. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "இருபத்து மூணு வருஷம் தம்பி. ஒரு பாலம் தாண்ட முடியல."

பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹார்ன் அடித்தது. அப்போது இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சௌந்திரவல்லீ...!"

ஞானசிகாமணியின் குரல். அந்த அறையின் மூச்சில் பாதி அவருடையதுதான். லாரி டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டு, கீழே இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

பிலவேந்திரன் பின் இருக்கையைத் தூக்க ஓடினான். சௌந்திரவல்லி இறங்க வேண்டும். இறங்க முழங்கால் மடங்க வேண்டும். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தார். "சௌந்திரவல்லீ...!" என்று இரண்டாவது கூப்பாடு வந்தது. இன்னொரு காலை வைத்தார். பிலவேந்திரன் இருக்கையைத் தூக்கி நிமிர்த்தினான். நான்காவது பேட்டரியின் மூடி இறுகியிருந்தது. கோமதிநாயகம் முடுக்கிய முடுக்கு அப்படி. இரண்டு கையாலும் பற்றித் திருகினான். உள்ளங்கை கிழிந்தது.

"சௌந்திரவல்..."

"ஆஜர்!" என்றார் சௌந்திரவல்லி, பேட்டரிக்குள் குனிந்து. எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் தெளிவாகப் பேசிப் பழகிய குரல்.

உள்ளே குமிழிகள் நின்றன. அங்கே கோர்ட்டில் யாரோ ஏசியை அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு நேரம் போயிற்று. பிறகு வாதி ஆஜர் என்று ஞானசிகாமணி சொல்வதும், பேனா எழுதுவதும் கேட்டன. அதன் பின் நீதிபதி அம்மையாரின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்ப்பை வாசித்தது. வாதியான சௌந்திரவல்லி, வயது நாற்பது, தன் வீட்டு வாசலுக்குப் போய்வர எட்டடி அகலப் பாதைக்கு உரியவர். பிரதிவாதியான சுவர் இன்றே விலகிக்கொள்ள வேண்டும். செங்கல் ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை.

இத்தனை காலத்தில் அந்த அறையில் ஒரு வழக்கு முடிந்து அந்தத் தண்ணீர் கேட்டதில்லை. நாலு பேட்டரிகளும் ஒரு பெருமூச்சு விட்டன. பிலவேந்திரன் மீட்டரை எட்டிப் பார்த்தான். ஐம்பது புள்ளி ஒன்பது. புது பேட்டரிக்குத்தான் அப்படி நிற்கும். லாரி டிரைவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "ஜெயிச்சாச்சா?" என்று கேட்டார்.

"ஜெயிச்சாச்சு" என்றார் சௌந்திரவல்லி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தம்பி, கோர்ட்டுக்கு வேண்டாம். வீட்டுக்கு விடு."

அது தீர்ப்பை மதிக்கிற சுவர். அவர்கள் போய்ச் சேருவதற்குள் செங்கல் செங்கலாக இறங்கி, பக்கத்து வீட்டுக் கொல்லையில் வரிசையாக அடுக்கிக்கொண்டுவிட்டது. ஆஜராகப் போன செங்கலுக்கு மட்டும் மேல் வரிசையில் இடம் விட்டு வைத்திருந்தது. பாதை திறந்து கிடந்தது. இருபத்து மூன்று வருடத்துச் சருகு கணுக்கால் அளவுக்கு இருந்தது. பிலவேந்திரன் வண்டியை வாசல் படி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினான். சௌந்திரவல்லி இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டார். பையிலிருந்து சாவியை எடுத்தார்.

சாவி தேவைப்படவில்லை. கதவு உள்ளேயிருந்து திறந்தது. மாம்பழக் கலர் புடவை கட்டி, தோளில் கைப்பையோடு, நாற்பது வயது சௌந்திரவல்லி நின்றாள்.

"இப்பதான் போன்ல தீர்ப்பைப் படிச்சுக் காட்டினாங்க" என்றாள் அவள்.

"நானும் கேட்டேன்" என்றார் அறுபத்து மூன்று வயதுப் பெரியவர். "உள்ள வரலாமா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "வயசு நாற்பதுன்னு இருக்கேக்கா. பாதையும் வாசலும் நாற்பதுக்குத்தானே ஆகியிருக்கு. அறுபத்து மூணுக்குத் தனியா ஒரு மனு போடணும்."

"ஆமா. நான்தான் திருத்த மனு போடாம விட்டுட்டேன்" என்றார் சௌந்திரவல்லி. வாசல்படியைக் குனிந்து பார்த்தார். நடுவில் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு திரும்பித் தெருப்பக்கம் நடந்தார். ஏணி எப்போதும் போல மாடி ஜன்னலில் சாய்ந்திருந்தது.

பிலவேந்திரனுக்கு வருத்தமாக இருந்தது. கூடவே போனான். ஆனால் அவனுக்கு முன்னால் அவள் போய் ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்த ஏணியைக் கீழேயிருந்து யாரும் பிடித்ததில்லை.

"மூணாவது படி ஆடும்" என்றார் பெரியவர், ஏறிக்கொண்டே.

"பிடிச்சிருக்கேன்க்கா. மெதுவா ஏறுங்க."

அவர் ஜன்னலுக்குள் போனதும் அவள் கையைத் தட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

"அண்ணே, வண்டி எக்ஸ்சேஞ்ச் பக்கம் போகுமா? ட்யூட்டிக்கு நேரமாச்சு."

ஆறு வருடமாகத் தம்பி என்று கூப்பிட்ட குரல் அது. போகும் என்றான் பிலவேந்திரன். ஜன்னலிலிருந்து பெரியவரின் தலை தெரிந்தது.

"குடையை மறந்துட்டுப் போற. நீ எப்பவும் மறப்ப" என்று ஒரு குடையைக் கீழே போட்டார். "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து இருக்கு. நீ போயிட்டு வந்துரு. எனக்கு முழங்கால் முடியல."

"சரிக்கா" என்றாள் அவள்.

பின்னால் தொங்கிய மட்டைப் பை வாரில் குடையைச் செருகிக்கொண்டு வண்டி கிளம்பியது. எக்ஸ்சேஞ்ச் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை இருந்தது. பிலவேந்திரன் அதன் முன்னால் நிறுத்தினான். அவள் குடையை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, பட்டுச் சேலைப் பிரிவைத் தாண்டி உள்ளே போனாள். அவன் வண்டியைத் திருப்புவதற்குள் சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

"எக்ஸ்சேஞ்ச். நம்பர் சொல்லுங்க" என்றாள் அவள்.

பிலவேந்திரன் மாடி வீட்டு நம்பரைச் சொன்னான். அந்தப் பக்கம் மணி அடித்தது. அவர் எழுந்து வர நேரமாகும் என்று, போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தான்.